மாற்றிப் போட்ட கம்பிகள்

முதல் பாட்டுக்குச் சபை எழுந்து நின்றபோதுதான் ஹெப்சிபா அதைப் பார்த்தாள். பீடத்துக்குப் பக்கத்தில், வாழைக்குலைகளும் கரும்புக் கட்டும் சாத்தி வைத்திருந்த தூணை ஒட்டிப் பாடகர் குழு நின்றது. அதில் கடைசி ஆளாக, கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிற ஷெர்வின், கழுத்தில் சிவப்பு வாரை மாட்டிக்கொண்டு கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். யாருடைய கிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். தேன் நிறக் கிட்டாருக்கா உலகத்தில் பஞ்சம், கடைக்குக் கடை தொங்குகிறது. வாய் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. பிறகு அந்த வளைவைப் பார்த்தாள். கிட்டாரின் ஒரு தோளைக் குடைந்தெடுத்த மாதிரி ஒரு வளைவு, கழுத்தின் அடிப்பகுதி வரைக்கும் விரல் போய்வர வசதியாக வைக்கிறது, மடியில் வைத்தால் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டியது. ஷெர்வின் கையில் அது மேலே இருந்தது, அவன் தாடையைப் பார்த்துக்கொண்டு, உள்வெளி மாற்றிப் போட்ட சட்டை மாதிரி. இடதுகைக்காரருக்கென்று செய்த கிட்டாரை ஒரு வலதுகைக்காரன் எடுத்துத் திருப்பிப் பிடித்தால்தான் அப்படி வரும். பாளையங்கோட்டையில் இடதுகைக் கிட்டார் எத்தனை இருக்கும்? அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான். நடுத்துளையைச் சுற்றிப் பனைமரத்தின் மெல்லிய சிலாம்பு கறுப்பும் பழுப்புமாக ஓடுகிற அந்த வளையம் எத்தனை கிட்டாரில் இருக்கும்? வாய் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணத்தில் எல்லாரும் குரலை ஏற்றினபோது அவளும் ஏற்றினாள், ஏற்றுகிறோம் என்பதே தெரியாமல். என்னுடையது. அது என்னுடையது. நான் இங்கே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அது அங்கே ஒரு ஆம்பிளையின் தொப்பையில் தலைகீழாகச் சாய்ந்து கிடக்கிறது.

எப்படிப் போயிற்று? எப்போது? மதுரையில் மகள் ப்ரிசி வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு நேற்றுச் சாயங்காலம்தான் திரும்பினாள், பஸ்ஸில் ஜன்னல் மூடாமல் ஒரே தூசி, தலைக்குக் குளித்துவிட்டு ரசம் சோறு சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். படுக்கிறதுக்கு முன்னால் கதவுக்குப் பின்னால் பார்த்தாளே, கிட்டார்ப் பெட்டி நின்றதே. கறுப்புப் பெட்டி, எப்பவும் நிற்கிற இடத்தில், எப்பவும் நிற்கிற சாய்வில். பார்த்துவிட்டு நாளைக்குச் சாயங்காலம் என்று நினைத்தாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசிக்க நேரம் இருக்காது, எட்டு மணி ஆராதனை. ஆக, பெட்டி மட்டும் நின்றிருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லாமல், செத்த பூச்சியின் கூடு மாதிரி. அந்த நினைப்பு வந்தபோதுதான் அடுத்தது உறைத்தது. எடுத்துக் கொடுத்தவர் பெட்டியோடு ஏன் கொடுக்கவில்லை? பெட்டி இல்லாவிட்டால் உள்ளே நுழைந்ததும் அவள் கேட்பாள் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்து வைத்திருக்கிறார். மறதியாகக் கொடுக்கவில்லை, அசட்டையாகக் கொடுக்கவில்லை, தெரிந்து, யோசித்து, பெட்டியை அதே சாய்வில் நிறுத்திவைத்துக் கொடுத்திருக்கிறார். நடுப்பாதைக்கு அந்தப் பக்கம், ஆண்கள் வரிசையில், மூன்றாவது பெஞ்சில், அவள் கணவர் ஜெயசீலனின் பிடரி தெரிந்தது. நேற்றுத்தான் முடி வெட்டியிருக்கிறார். காதுக்குப் பின்னால் பவுடர் போகாமல் வெள்ளையாக ஒரு கீற்று. அந்தப் பிடரி ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வழக்கமாகப் பாட்டு நம்பர் தெரியவில்லை என்றால் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார். இன்றைக்குத் திரும்பாது. கல்லில் செய்த பிடரி. என்ன சொல்வார் என்றுகூட அவளுக்குத் தெரியும். சும்மாதான கெடக்கு. அதுதான் சொல்வார். சும்மா. வாரத்தில் ஆறு நாள் விடிகாலை ஐந்தரையிலிருந்து ஆறே கால் வரைக்கும் பின்கட்டில் உட்கார்ந்து அவள் வாசிக்கிறாளே, அதற்குப் பேர் சும்மா. அவர் தூங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் நடப்பதெல்லாம் சும்மாதான்.

சபை உட்கார்ந்தது. ஜெபம் தொடங்கிற்று. கண்ணை மூடிக்கொண்டபோது காது திறந்துகொண்டது, ஷெர்வின் ஜெபத்துக்குப் பின்னணியாக மெல்ல மீட்டிக்கொண்டிருந்தான். அது அவளுடைய கிட்டாரின் குரல் இல்லை. அதன் கழுத்தை யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடியில் ஒரு கரகரப்பு, ஈயடைத்த டப்பாவை ஆட்டுகிற மாதிரி. கம்பிகளை மாற்றிப் போட்டிருக்கிறான், தடித்த கம்பி இருந்த பக்கம் மெல்லிசு, மெல்லிசு இருந்த பக்கம் தடிசு. கழுத்தின் உச்சியில் கம்பி உட்காருகிற எலும்புத் துண்டில் ஆறு வெட்டு இருக்கும், ஒவ்வொரு கம்பிக்கும் அதனதன் பருமனுக்கு அளந்து அறுத்த வெட்டு. மெல்லிசுக்கு அறுத்த வெட்டில் தடிசு எப்படி உட்காரும்? உட்காராது. அப்படியென்றால் அரத்தை வைத்து ராவியிருக்கிறான். ராவித்தான் இருக்க வேண்டும். அந்தக் கிட்டாரைச் செய்த ருக்சானா கண்ணுக்குப் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து அறுத்த வெட்டை, வங்கிக்குப் போய்விட்டு வந்து, டீயைக் குடித்துக்கொண்டே, பாட்டு கேட்டுக்கொண்டே, இவன் ராவியிருக்கிறான். அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். சுற்றி எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். பீடத்தடியில் காணிக்கையாக வந்த கோழி ஒன்று, காலில் சணல் கட்டியது, அதுவும் அவளும்தான் முழித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலோமி அக்கா ஜெபம் முடிந்ததும் அவள் பக்கம் சாய்ந்து, “அந்தப் பய நல்லா வாசிக்காம்லா?” என்றாள். “ம்” என்றாள் ஹெப்சிபா. ம். ஐம்பத்திநாலு வருஷமாக இந்த ஒரு எழுத்தை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கிறாள்.

எந்தக் கைங்க? ருக்சானா அப்படித்தான் கேட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், ப்ரிசியின் கல்யாணம் முடிந்த மறுமாதம், யாரிடமும் சொல்லாமல் கோயம்புத்தூருக்கு ரயிலேறி, போத்தனூரில் ஒரு சந்துக்குள் விசாரித்து விசாரித்துப் போனாள். வாடகை வீட்டு ஹாலையே பட்டறையாக்கி வைத்திருந்தாள் அந்தப் பெண். முப்பது வயசு இருக்கும், மோட்டார் பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலையை விட்டுவிட்டுக் கிட்டார் செய்கிறவள், தலையில் துணியைக் கட்டி, முழங்கை வரைக்கும் மரத்தூள். எந்தக் கைங்க என்று கேட்டதும் ஹெப்சிபாவுக்கு மன்னிப்புக் கேட்கிற குரல்தான் வந்தது, “இடது கை... சின்னதுலருந்தே அப்படி ஆயிட்டு.” அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சரிங்க” என்றாள், நோட்டில் ‘இ’ என்று எழுதினாள், அடுத்து விரல் நீளம் அளந்தாள். அவ்வளவுதான். உங்களுக்குச் சோறா ரொட்டியா என்று கேட்கிற மாதிரி. ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கையையும் வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்தாள், பென்சில் முனை விரலிடுக்கில் போனபோது கூசிற்று, சிரிப்பு வந்தது. “சும்மா கம்பிய மாத்திப் போட்டாப் போதும்னு நெனக்கறாங்க அக்கா, அது செருப்பைக் கால் மாத்திப் போடற மாதிரிங்க. உள்ளாற பலகைக்கு அடியில கட்டைக ஒட்டியிருக்கும், எந்தப் பக்கம் தடிசுக் கம்பி இழுக்குதோ அந்தப் பக்கத்துக்குத் தக்கன ஒட்டோணும். உங்களுக்கு எல்லாமே திருப்பித்தான் செய்யோணும். செஞ்சர்லாம்.” திருப்பிச் செய்ய வேண்டும் என்று அவள் சொன்னபோது அதில் குறை இல்லை, சலிப்பு இல்லை. செஞ்சர்லாம். அந்தச் சொல்லை ரயிலில் திரும்பி வருகிற வழியெல்லாம் வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்தாள். பதினொரு மாசம் காத்திருந்தாள். துளைக்குள் எட்டிப் பார்த்தால் தெரிகிற சீட்டில் பென்சிலால் எழுதியிருக்கும், ‘ஹெப்சிபாவுக்கு, போத்தனூர்’ என்று. பெயர் எழுதியிருக்கிறது. உள்ளே பெயர் எழுதியிருக்கிற ஒரு சாமானை எடுத்துக் கொடுக்கிறவனை என்ன சொல்வது? கம்பி மாற்றும்போது ஷெர்வின் அதைப் படித்திருப்பானே? படித்துவிட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறானா?

பாலர் வகுப்பில் எலுமிச்சம்பழம். மரகதம் டீச்சர் ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் இடது கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கச் சொல்வாள், பென்சில் எடுக்க அந்தக் கைக்கு வேலையே வரக்கூடாது என்று. கீழே விழுந்தால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். சாயங்காலம் பழம் சூடாகி, வியர்வையும் தோல் எண்ணெயுமாகப் பிசுபிசுக்கும். எழுத்து வலது கைக்குப் போய்விட்டது, கோணல் மாணலாக, இன்றைக்கும் அவள் கையெழுத்தைப் பார்த்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி இருக்கும். மற்றதெல்லாம் ஒளிந்துகொண்டது. மாமியார் முன்னால் கரண்டியை வலது கையில் பிடிக்கிறது, அவள் அடுக்களையை விட்டு நகர்ந்ததும் கை மாற்றுகிறது. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக ஊசி குத்துகிறாள், நரம்பு கிடைக்காத கிழவர்களுக்குக்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவாள், இடது கையால்தான், அதற்கும் யாராவது ஒருத்தர் கையை இழுத்துக்கொண்டு, “யம்மா, சோத்துக் கையால குத்தும்மா” என்பார்கள். அப்போதும் ம். சரிங்கையா. வலது கையால் குத்தி, இரண்டாவது தடவை குத்தி, அவர்கள் ஆவென்று கத்துவதைக் கேட்பாள், உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் இருக்கும், அதற்காக ராத்திரி ஜெபத்தில் மன்னிப்புக் கேட்பாள். எதற்கு மன்னிப்பு? ஜெபத்தில்கூட வலக்கரம்தான். நேற்றுப் பிறந்த பிள்ளை கூட வலது கையை நீட்டினால்தான் மிட்டாய். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாயிற்று, பேனா, கரண்டி, கத்தரிக்கோல், கை குலுக்கல், எல்லாம். ஒரே ஒரு சாமான், வீட்டில், நாட்டில், இந்த உலகத்தில், அவள் கைக்கென்று திருப்பிச் செய்தது ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் பிடித்து நேராக்கிவிட்டார்கள்.

காலையில் பெட்டியைத் திறந்தால் ஒரு வாசனை வரும். தேவதாரு மரமும் மெழுகும், கொஞ்சம் மிளகு மாதிரி ஏதோ ஒன்றும். முதல் நாள் அந்த வாசனைக்காகவே பெட்டியை நாலு தடவை மூடித் திறந்தாள். பின்கட்டில் முக்காலியைப் போட்டு, துவைக்கிற கல்லில் காலை வைத்து, கிட்டாரை இடது தொடையில் ஏற்றினால் அது தானாக வந்து உட்காரும், பக்கத்து வீட்டுக் குழந்தை மடிக்கு வருகிற மாதிரி, சொல்ல வேண்டியதில்லை. கழுத்தின் பின்பக்கம் அவள் வலது உள்ளங்கையின் குழிக்கு அளந்து இழைத்தது. தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தால், சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் விலா எலும்புக்கு வரும், பலகையின் முதுகு அவள் வயிற்றில் பட்டுக்கொண்டு அதிரும். முதல் வருஷம் அது கொஞ்சம் இறுக்கமாகத்தான் பேசிற்று, புது மருமகள் மாதிரி. இரண்டாவது வருஷம் மழைக்காலம் முடிந்து மார்கழிக் காற்று அடிக்கத் தொடங்கினபோது ஒருநாள் காலையில் குரல் திறந்துகொண்டது, நேற்றுவரைக்கும் இல்லாத ஒரு ஆழம், அவள் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டு யாரோ கூட வாசிக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். ருக்சானாவுக்குப் போன் போட்டால், “பழகுதுங்க அக்கா, உங்க கைக்குப் பழகுது” என்று சிரித்தாள். அவள் இடது முழங்கை படுகிற இடத்தில் மெழுகு தேய்ந்து நிலாத்துண்டு மாதிரி ஒரு மங்கல் விழுந்திருக்கிறது. பெரிய வித்வான் ஒன்றும் இல்லை அவள். ஏழெட்டுக் கீர்த்தனை, பழைய பாட்டு நாலு, விடுதியில் படிக்கும்போது ஒருத்தியின் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கச் சிரிக்கக் கற்றுக்கொண்ட ஐந்து பிடிகள். நன்றாக வாசிக்கிறவர்களுக்குத்தான் நல்ல கிட்டார் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? ஷெர்வின் நன்றாக வாசிப்பான்தான். அதனால்? நன்றாக ஓடுகிறவனுக்கு என் செருப்பைக் கொடுத்துவிடுவதா? இரண்டு வருஷமாக அவள் யாரிடமும் சொன்னதில்லை இந்தச் சந்தோஷத்தை, சொல்லியிருக்க வேண்டுமோ? அவரைப் பிடித்து எழுப்பி, கேளுங்க, இதைக் கேளுங்க என்று சொல்லியிருக்க வேண்டுமோ? பார், தப்பு தன்னிடம் வந்து நிற்கிறது. எங்கே சுற்றினாலும் கடைசியில் தப்பு அவள் மடிக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இல்லை. இன்றைக்கு இல்லை.

பிரசங்கம் கொடுப்பதைப் பற்றி. அறுப்பின் பண்டிகை அன்றைக்கு வேறு எதைப் பற்றி இருக்கும். போதகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மனசாரக் கொடுக்கிறதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், மின்விசிறி அவர் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. அந்த மின்விசிறியும் ஜெயசீலன் கொடுத்ததுதான். அவர்கள் வீட்டு ஹாலில் சுற்றிக்கொண்டிருந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்த மனுஷன், ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஏணி வைத்துக் கழற்றிக் கொண்டுவந்தார், அந்தக் கோடை முழுக்க அவளும் ப்ரிசியும் அட்டையால் விசிறிக்கொண்டார்கள். சபையில் அவருக்குக் கொடுக்கிற கை என்று பேர். அவள் குக்கர் ஓய்வுநாள் பள்ளிக்குப் போயிற்று. அவள் சைக்கிள் ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்குட்டியின் மகளுக்குப் போயிற்று, அந்தப் பிள்ளைக்குத் தேவைதான், தேவை இல்லையென்று யார் சொன்னது, ஆனால் அவர் மோட்டார் பைக் ஏன் யாருக்கும் போகவில்லை? அவர் மீன் பிடிக்கிற தூண்டில் நாலும் பீரோ மேலேயே இருக்கிறதே, அதெல்லாம் சும்மா கிடக்கவில்லையா? ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அவர் முகம் நிஜமாகவே ஆச்சரியப்படும், “கடவுளுக்குத்தான ஹெப்சி குடுத்தோம்” என்பார். குடுத்தோம். அந்த ‘ஓம்’தான் அவளுக்குப் பதிலே வராமல் செய்துவிடும். கடவுளுக்கு எதிராக எப்படிப் பேசுவது. கிட்டாருக்கும் அப்படித்தான் சொல்வார். வீட்டுக்குப் போனதும் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? ப்ரிசி அப்பா, என் கிட்டாரை யாரைக் கேட்டு எடுத்தீங்க? வேண்டாம், அது சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருக்கும். ப்ரிசி அப்பா, கிட்டார் எப்ப திரும்ப வரும்? அது கெஞ்சுகிற மாதிரி. ஏன் சண்டை மாதிரி இருக்கக் கூடாது? சண்டைதானே இது? ஒரு பண்டிகைக்கு இரவல் கொடுத்திருப்பார், சாயங்காலம் திரும்பி வந்துவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு ருக்சானாவிடம் கொண்டுபோனால் சரிசெய்து தந்துவிடுவாள். உள்ளே கட்டை ஏதாவது விட்டிருந்தால்? தடித்த கம்பி தப்பான பக்கத்தில் இழுத்து இழுத்துப் பலகை வயிறு தள்ளியிருந்தால்? இந்த வெக்கையில், இந்தக் கூட்டத்து மூச்சில்? ஐயோ, அதை அந்தத் தூணில் சாய்த்து வைக்கிறான், கீழே விழப்போகிறது, விழவில்லை, விழவில்லை. பிடரி இன்னும் திரும்பவில்லை.

பிரசங்கம் முடிந்து அறிவிப்புகள். மதியம் அசன விருந்து, பந்தி பரிமாற வாலிபர்கள் வேண்டும். நெல் கொடுத்தவர், ஆடு கொடுத்தவர், பூசணிக்காய் கொடுத்தவர். போதகர் தாளைத் திருப்பினார். “விசேஷமா ஒரு காரியம். நம்ம பாடகர் குழுவுக்கு ஒரு கிட்டார் வேணும்னு ரொம்ப நாளா ஜெபிச்சிட்டு இருந்தோம். ஐயா ஜெயசீலன் குடும்பத்தார், கையால செஞ்ச அருமையான ஒரு கிட்டாரை ஆலயத்துக்குக் காணிக்கையாக் குடுத்திருக்காங்க. அந்தக் குடும்பத்துக்காக விசேஷமா ஜெபிப்போம். ஐயா, அம்மா, ரெண்டு பேரும் எழுந்து நில்லுங்க.” காணிக்கை. இரவல் இல்லை, காணிக்கை. ஒரு நிமிஷம் அவளுக்குச் சத்தமே கேட்கவில்லை. ஜெயசீலன் எழுந்து நின்றார். அப்போதும் திரும்பாமல், கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பையன் நிற்கிற மாதிரி பணிவாக நின்றார். சலோமி அக்கா கண் கலங்கிப்போய் அவள் தோளைத் தடவினாள். “ஒன் கிட்டாராட்டி அது? ஒனக்கு எம்புட்டுப் பெரிய மனசு. எந்தி, எந்தி, எல்லாரும் பாக்காவல்லா.” எல்லாரும் பார்த்தார்கள். முந்நூறு முகம், சிரித்துக்கொண்டு, அன்பாக, அவள் எழுந்து நின்று ஆசீர்வாதம் வாங்கிக்கொள்வதற்காகக் காத்திருந்தன. நின்றால் போதும். நின்று கண்ணை மூடினால் அது முடிந்துவிடும், அவள் கொடுத்ததாக ஆகிவிடும், இனி ஆயுசுக்கும் அவள் கொடுத்தவள். உட்கார்ந்தே இருந்தால் மட்டும்? திமிர் பிடித்தவள், அப்போதும் கொடுத்தவள்தான். கன்னம் எரிந்தது. காது எரிந்தது. இத்தனை வருஷத்தில் அவளைக் கேட்காமல் எத்தனையோ எடுத்திருக்கிறார்கள். ஆனால் எடுத்ததற்குப் பிறகு அவளையே எழுப்பி நிறுத்தி நன்றி சொல்வது இன்றைக்குத்தான் நடக்கிறது. அவள் எழுந்தாள். பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்தாள். சலோமி அக்காவின் முழங்காலைத் தாண்டி, இன்னும் இரண்டு பேரின் முழங்காலைத் தாண்டி, நடுப்பாதைக்கு வந்தாள்.

போதகர் கையை உயர்த்தி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். அவள் பீடத்துக்கு முன்னால் வந்து முழங்கால் போடப்போகிறாள் என்று நினைத்திருப்பார், குரலில் உருக்கம் கூடிற்று. அவள் கோழியைச் சுற்றிக்கொண்டு, பூசணிக்காய்களைச் சுற்றிக்கொண்டு, பாடகர் குழுவின் பக்கம் போனாள். ஜெபத்துக்கு மீட்ட மறுபடியும் கிட்டாரை மாட்டியிருந்த ஷெர்வின் கண்ணைத் திறந்தான்.

“குடு தம்பி” என்றாள்.

அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாரைத் தலைக்கு மேலாகக் கழற்றி, கிட்டாரை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான்.

“எலும்பு இதுல இருக்குக்கா. நான் ராவல. சூடு காட்டி எடுத்துட்டு வேற பிளாஸ்டிக் துண்டு வச்சேன். உள்ள ஒங்க பேரப் பாத்தேன். அண்ணாச்சிகிட்ட இது வேண்டாம், எனக்குச் சேராதுன்னு சொன்னேன். கேக்கல.” குரலைத் தாழ்த்தி, “மேல போகப் போக சுதியே நிக்கலக்கா, பாவம் அது” என்றான்.

ஒரு மணி நேரமாக மனசுக்குள் அவனை வைத்து ராவிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. வெட்கப்பட நேரம் இல்லை. காகிதத்தை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, கிட்டாரைக் கழுத்தில் பிடித்து, பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே நடந்தாள். பின்னால் ஜெபம் ஒரு இடத்தில் தடுக்கிற்று. பெண்கள் பக்கம் யாரோ வாய்விட்டே சொன்னார்கள், “காணிக்கையத் திருப்பி எடுத்துட்டுப் போறாளே!”

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. வேப்பமரத்து மேடையில் உட்கார்ந்தாள். காணிக்கையத் திருப்பி எடுத்தவள். நாளைக்கு ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். மதுரை வரைக்கும் போகும், ப்ரிசியின் மாமியார் போன் போடுவாள். ஆகட்டும். பலகையைத் தடவிப் பார்த்தாள், வயிறு தள்ளவில்லை, விரிசல் இல்லை, பின்பக்கம் ஷெர்வினின் பெல்ட் கொக்கி பட்டு ஒரு கீறல் இருந்தது, சின்னது, ஆனால் கீறல்தான். அதைப் பார்த்ததும் கோபம் திரும்பி வந்தது, வந்ததும் நிம்மதியாக இருந்தது. தடித்த கம்பியின் முடுக்காணியைத் தளர்த்தத் தொடங்கினாள். தப்பான பக்கத்து இழுப்பு ஒரு நிமிஷம்கூட இனி இருக்கக் கூடாது.

ஜெயசீலன் வந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தவர், பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்து நின்றார்.

“என்ன ஹெப்சி இது. முந்நூறு பேர் முன்னாடி.”

“முந்நூறு பேர் முன்னாடிதான குடுத்தீங்க.”

“போதகர் ஐயா கேட்டாரு. ஒங்க வீட்ல ஒண்ணு இருக்காமேன்னாரு. நான் எப்படி இல்லன்னு சொல்ல?”

“என்கிட்டக் கேக்கணும்னு தோணல?”

அவர் செருப்பால் மண்ணைக் கிளறினார். என்ன சொல்லலாம் என்று தேடுகிறது தெரிந்தது. வழக்கமாகக் கிடைத்துவிடும்.

“தோணிச்சி” என்றார். “கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிருவேன்னு பயந்தேன்.”

“அதுக்குத்தான் பெட்டிய நிறுத்தி வச்சீங்களோ.”

அவர் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

இப்போது அவள் ம் என்று சொல்லலாம். சொன்னால் அவர் பக்கத்தில் உட்காருவார், வியர்வையைத் துடைப்பார், சரி விடு என்பார், மதியம் இரண்டு பேரும் அசனத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காருவார்கள். அந்த ம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

“உள்ள போங்க” என்றாள். “மைக்க வாங்கிச் சொல்லுங்க. நான் குடுக்கலன்னு.”

“இப்பவா? ஆராதனை நடக்குதும்மா.”

“ஆராதனையிலதான குடுத்தீங்க. முடிஞ்சி எல்லாரும் வெளிய வாரதுக்குள்ள சொல்லுங்க ப்ரிசி அப்பா. இல்லன்னா நானே வந்து சொல்லுவேன். நான் சொன்னா வேற மாதிரி இருக்கும்.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் கம்பியைச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள், இடது கையால், விரைவாக, யார் பார்த்தால் என்ன என்கிற மாதிரி. அவர் திரும்பி நடந்தார். படியில் ஒரு தடவை நின்றார். பிறகு உள்ளே போனார்.

பண்டிகைக்காகக் கோபுரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் தெருவைப் பார்த்து வாயைத் திறந்திருந்தது. அதில் பாட்டு பாதியில் நின்றது. கசகசவென்று பேச்சு. மைக்கைத் தட்டுகிற சத்தம். தொண்டையைச் செருமுகிற சத்தம், அது யாருடைய செருமல் என்று அவளுக்குத் தெரியும்.

“சபையார் எல்லாருக்கும்... ஒரு விஷயம்.” ஒரு குழந்தை அழுதது. “அந்தக் கிட்டார் என்னோடது இல்ல. எங்க வீட்டோடதும் இல்ல. என் மனைவி ஹெப்சிபாவோடது. அவளே சம்பாதிச்சு, அவளுக்குன்னு செய்யச் சொன்னது. அவ ஊர்ல இல்லாதப்ப, கேக்காம, நான் எடுத்துக் குடுத்துட்டேன். அவ காணிக்கையத் திருப்பி எடுக்கல. அவ... அவ குடுக்கவே இல்ல. அதச் சொல்லத்தான்.” மறுபடியும் செருமல். “மின்விசிறியும் கேக்காமத்தான் குடுத்தேன்.” உள்ளே யாரோ சிரித்து, சிரிப்பு அடங்கிற்று. குழாய் ஒரு தடவை கீச்சிட்டு நின்றது.

அவள் கை முடுக்காணியிலேயே நின்றுபோயிருந்தது. வாசலில் சவாரிக்குக் காத்திருந்த ஆட்டோக்காரர் வண்டிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி, குழாயை அண்ணாந்து பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“யாரும்மா அது, ஹெப்சிபாங்கது?”

“நான்தான்” என்றாள்.